கிணத்துத் தவளைன்னு சொல்லிட்டேன்..!

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கள் தெருவில் தறிச் சத்தம் நின்றுவிடும்.

பெரிய காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரிந்த கதை. மற்ற ஊர் நண்பர்களுக்காக ஒரு குட்டி விளக்கம். எங்கள் ஊர்ப் பட்டுத் தறி, குழித்தறி. வீட்டுக்குள்ளேயே தரையில் ஒரு குழி வெட்டியிருப்பார்கள். நெய்கிறவர் அதற்குள் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, கீழே இருக்கும் மிதியை மிதித்து மிதித்து நெய்ய வேண்டும். அடைமழை பெய்தால் அந்தக் குழியில் அடியிலிருந்து தண்ணீர் ஊறும். பாவு நமுத்துப் போகும். வேலை நிற்கும். வேலை நின்றால் கூலியும் நிற்கும்.

அந்தத் தண்ணீருக்கு வருஷா வருஷம் ஒரு விருந்தாளி வருவார். தவளை!

எப்படி வருமோ தெரியாது. காலையில் பார்த்தால் குழிக்குள் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும். அம்மா ஓரடி பின்னால் நகர்ந்துகொள்வார். அப்பா மட்டும் ஒன்றும் சொல்லாமல் இரண்டு கையிலும் அதை அள்ளிக்கொண்டு போய் கொல்லைப் பக்கம் விட்டுவிட்டு வருவார்.

போன மழையில் அப்படி ஒரு தவளையை அப்பா அள்ளிக்கொண்டிருந்த நேரத்தில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது.

விஷயம் இதுதான். இந்தப் பத்திரிகையில் மாணவப் பயிற்சியாளராக நான் தேர்வாகியிருந்தேன். வீட்டில் சொன்னால் குதிப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன். அப்பா கேட்டது ஒரே கேள்வி.

“மெக்கானிக்கல் படிக்கிற பொண்ணுக்குப் பத்திரிகை இன்னாத்துக்கு? மூணாவது வருஷம். ஏற்கெனவே ஒரு அரியர் வெச்சிருக்க. வேலை வாங்கற வழியைப் பாரும்மா.”

அரியரைப் பற்றிப் பேசினால் எனக்குச் சுள்ளென்று ஏறும். அன்றைக்கும் ஏறியது.

“நீ இந்தக் குழியை விட்டு வெளிய வந்து உலகத்தைப் பாத்திருக்கியாப்பா? கிணத்துத் தவளை மாதிரியே பேசாத!”

சொன்ன அடுத்த செகண்ட், வார்த்தையைத் திரும்ப வாயில் போட்டுக்கொள்ள முடியாதா என்று இருந்தது. அப்பா திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. கையில் இருந்த தவளையை ஒரு தடவை பார்த்தார். கொல்லையில் விட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் மூன்று நாள் வீட்டில் “சாப்பிட்டியா?”, “ம்” மட்டும்தான்.

அந்த வாரம்தான் ஆபீஸில் டாபிக் பிரித்துக் கொடுத்தார்கள். அழிவின் விளிம்பில் இருக்கும் உயிரினங்கள். யானை, புலி, வரையாடு எல்லாவற்றையும் சீனியர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு மிஞ்சியது என்ன தெரியுமா?

சத்தியமாக நான் கேட்டு வாங்கவில்லை. தவளை!

பல்லிக்குத் தங்கம், தவளைக்கு என்ன?

கிளாஸில் விஷயம் கசிந்ததும் ஒரே கலாய்ப்பு. “தவளைக்குப் பேட்டி எடுக்கப் போறியா?” என்று ஆரம்பித்து, நான் வாயைத் திறந்தாலே பின் பெஞ்சிலிருந்து “கொர்... கொர்...” சத்தம். மெக்கானிக்கலில் நாங்கள் நாலே நாலு பெண்கள். ஓடி ஒளியவும் இடம் கிடையாது.

எனக்கும் சுவாரஸ்யம் இல்லைதான். யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊரில் பல்லிக்கு எவ்வளவு மரியாதை! வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லியைத் தொட்டுக் கும்பிட எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். ஆமைக்குக்கூட அந்தஸ்து உண்டு. பெருமாள் ஆமை வடிவத்தில் சிவனை வழிபட்ட தலம்தான் கச்சபேஸ்வரர் கோயில். தவளைக்கு இந்த ஊரில் கிடைத்தது எல்லாம் எங்கள் வீட்டுத் தறிக்குழிதான்.

சரி, கொடுத்த வேலையைச் செய்வோம் என்று காலேஜ் லைப்ரரி கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு கேன்டீன் போவதாகத்தான் பிளான். அன்றைக்கு லைப்ரரியைப் பூட்டும்போதுதான் எழுந்தேன். காரணம், விரல் நுனி அளவுக்கு ஒரு பச்சைத் தவளை.

136 வருஷம் ஆப்சென்ட்!

பெயர் ராவோர்செஸ்டெஸ் சலாசோடெஸ். வாயில் நுழையாதுதான். கிரேக்க மொழியில் ‘சலாசா’ என்றால் ஆலங்கட்டி. பச்சை உடம்பில் சின்னச் சின்னதாக வெள்ளைப் புள்ளிகள் இருப்பதால் பெயர் நன்றாகவே பொருந்துகிறது. தொடையில் சாம்பல் கலந்த நீலம். கறுத்த கண்ணில் தங்கத் துகள் தூவினாற்போல் இருக்கும். எங்கள் ஊர் பார்டர் கலர் காம்பினேஷன் எல்லாம் தோற்றுப் போகும்!

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த ஆல்பர்ட் குந்தர் என்ற விஞ்ஞானி 1876ல் இதற்குப் பெயர் வைத்தார். திருவிதாங்கூரிலிருந்து போன மாதிரியை வைத்துச் செய்த வேலை. அதற்குப் பிறகு தவளை ஆளையே காணோம். நாமெல்லாம் 75 சதவீத அட்டெண்டன்ஸுக்கு மூச்சு முட்டுகிறோம். இவர் தொடர்ந்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆப்சென்ட். போய்ச் சேர்ந்துவிட்டார் என்று எல்லோரும் முடிவு கட்டிக்கொள்ள வேண்டிய நிலை.

2010ல் டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.டி.பிஜு ஒரு தேடலைத் தொடங்கினார். இந்தியாவில் காணாமல் போன நீர்நில வாழ்வன இனங்கள் 50ஐப் பட்டியல் போட்டு, நாடு முழுக்கக் காடுகளில் ஆய்வாளர்களும் ஆர்வலர்களும் இறங்கித் தேடினார்கள். 2011 பிப்ரவரியில் ஐந்து இனங்கள் உயிரோடு இருக்கின்றன என்று அறிவித்தார்கள். அதில் ஒன்று நம்ம ஆள். கடைசியாகக் கண்ணில் பட்டது 1874ல். அதாவது 136 வருஷத்துக்குப் பிறகு “உள்ளேன் ஐயா!”

எங்கே ஒளிந்திருந்தார் இத்தனை காலம்? இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

மூங்கிலுக்குள் குடித்தனம்

திருநெல்வேலிப் பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் தெரியும்தானே? 1988ல் வந்த தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அகத்தியமலைத் தொடர். தாமிரபரணி பிறக்கிற மலை. மேலே ஏறினால் எப்போதும் ஈரம் சொட்டும் மழைக்காடு. அந்தக் காட்டில் நாணல் மாதிரி மெல்லிசான ஒரு மூங்கில் கொத்துக் கொத்தாக வளர்கிறது. மலையாளத்தில் அதை ‘ஈற்ற’ என்பார்கள்.

அங்கே ஆய்வு செய்த கே.எஸ்.சேஷாத்ரி, கே.வி.குருராஜா, டேவிட் பிக்ஃபோர்ட் மூவரும் 2014ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இந்தத் தவளை குடும்பம் நடத்துவது அந்த மூங்கிலுக்குள்ளே!

மூங்கிலில் கணுவுக்குக் கணு நடுவில் வெற்றிடம் இருக்கும் இல்லையா? அந்த இடத்தில் ஏதாவது பூச்சியோ எலியோ எப்போதோ ஒரு சின்னக் கீறல் போட்டு வைத்திருக்கும். கீறலின் நீளம் ஒரு சென்டிமீட்டருக்குள். அகலம் மூன்று, நான்கு மில்லிமீட்டர். தவளையின் உடம்போ சுமார் இரண்டரை சென்டிமீட்டர். எங்கள் செகண்ட் இயர் பாடத்தில் கிளியரன்ஸ் ஃபிட், இன்டர்ஃபியரன்ஸ் ஃபிட் என்று வரும். அந்தக் கணக்குப்படி பார்த்தால் இந்த ஓட்டைக்குள் இந்தத் தவளை போகவே கூடாது. ஆனால் உடம்பை நெளித்து, வளைத்து, பிதுக்கி உள்ளே போய்விடுகிறது.

உள்ளே போய் ஆண் தவளை குரல் கொடுக்கும். பெண் தவளை வந்து உள்சுவரில் சில முட்டைகளை ஒட்டிவிட்டுப் போய்விடும். இந்த முட்டையிலிருந்து தலைப்பிரட்டை வராது. ஸ்கூலில் நாம் மாங்கு மாங்கென்று படம் வரைந்து பாகம் குறித்தோமே, முட்டை, தலைப்பிரட்டை, வால் தவளை, தவளை... அதெல்லாம் இங்கே செல்லாது. முட்டைக்குள்ளேயே எல்லா வளர்ச்சியும் முடிந்து, நேரடியாகக் குட்டித் தவளையாகவே வெளியே வரும்.

ஏன் இவ்வளவு கஷ்டப்பட்டு மூங்கிலுக்குள்? தவளை முட்டைக்குக் கோழி முட்டை மாதிரி ஓடு கிடையாது. வெறும் ஜெல்லிதான். காற்று பட்டால் காய்ந்துவிடும். குளத்தில் முட்டையிடும் தவளைக்கு அந்தக் கவலை இல்லை. தண்ணீரே இல்லாமல் முட்டையிடும் இந்தத் தவளைக்கு மூங்கில் குழாய்தான் ஈரம் போகாத பெட்டி.

குழி... ஈரம்... இந்த இடத்தில் எனக்கு லேசாக உறுத்த ஆரம்பித்தது. ஆனால் முழுசாக உறைத்தது அடுத்த கட்டுரையைப் படித்தபோதுதான்.

அப்பா டியூட்டி

2018ல் சேஷாத்ரியும் பிக்ஃபோர்டும் இன்னொரு ஆய்வை வெளியிட்டார்கள். முட்டை போட்டதும் அம்மா கிளம்பிவிடுகிறது. அப்பா மட்டும் உள்ளே முட்டைகளோடு இருக்கிறது. எதற்காக? முட்டை காயாமல் பார்க்கவா, வேறு எதற்காவதா? இதுதான் கேள்வி.

சில மூங்கில்களிலிருந்து அப்பாத் தவளையை அப்புறப்படுத்திப் பார்த்தார்கள். முட்டைகள் காணாமல் போயின. தின்றது யார் தெரியுமா? பெரும்பாலும் பாம்பும் இல்லை, எறும்பும் இல்லை. அதே இனத்தைச் சேர்ந்த வேறு ஆண் தவளைகள்!

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. முட்டையும் சாப்பாடு, வீடும் காலி. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். தன் மூங்கிலுக்குள் உயிரைக் கொடுத்துக் காவல் காக்கிற அதே ஹீரோ, பக்கத்து மூங்கிலில் ஆள் இல்லையென்றால் வில்லனாகிவிடலாம். இயற்கையில் நல்லவன், கெட்டவன் எல்லாம் நம்ம சினிமா மாதிரி இல்லை என்று புரிந்தது.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் நிச்சயம். அப்பா உள்ளே உட்கார்ந்திருந்தால் குட்டிகள் பிழைக்கும். அப்பா எழுந்து போய்விட்டால் அவ்வளவுதான். மூன்று மில்லிமீட்டர் ஓட்டை வழியாகத் தெரிகிற உலகம் போதும் என்று அது உள்ளே இருப்பது உலகம் தெரியாததால் இல்லை. வெளியே என்ன இருக்கிறது என்று தெரிந்ததால்தான்.

லைப்ரரியில் அந்த வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. ஒரு கோர்வைப் புடவை நெய்ய எங்கள் அப்பா எத்தனை நாள் குழிக்குள் உட்காருவார், அந்தக் கூலியில் எந்தப் பங்கு என் செமஸ்டர் ஃபீஸாகப் போகிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் சொன்னேன், கிணத்துத் தவளை என்று.

பனியைத் திட்டிய நாங்கள்

போன வருஷம் ஐ.வி. என்ற பெயரில் கொடைக்கானல் போனோம். இண்டஸ்ட்ரியல் விசிட்டில் இண்டஸ்ட்ரி அரை நாள், விசிட் ரெண்டரை நாள். அது உங்களுக்கே தெரியும். வியூ பாயின்ட்டில் போய் நின்றால் ஒரே வெள்ளை. எதிரே நிற்கிறவன் முகமே தெரியவில்லை. “இந்தப் பாழாப்போன பனி இல்லாட்டி சூப்பரா போட்டோ வந்திருக்கும்” என்று எல்லோரும் திட்டிவிட்டு வந்தோம்.

இப்போதுதான் தெரிகிறது. மலை உச்சிக் காடுகளில் அந்தப் பனியும் மேகமும்தான் தண்ணீர் வண்டி. மழை இல்லாத நாளிலும் மேகம் காட்டுக்குள் புகுந்து, இலையிலும் பாசியிலும் துளித் துளியாகப் படிந்து சொட்டும். தவளை தோலாலும் மூச்சு விடுகிற பிராணி. தோல் ஈரமாக இருந்தால்தான் அது நடக்கும். எங்களுக்குப் போட்டோவைக் கெடுத்த பனி, அதற்கு மூச்சு.

அந்த மேகம் வராமல் போனால்? கோஸ்டாரிகா நாட்டில் மான்டேவெர்டே என்ற மேகக் காட்டில் பொன் நிறத்தில் ஒரு தேரை இருந்தது. 1987ல் 1500க்கும் மேல் எண்ணினார்கள். 1988ல் விரல் விட்டு எண்ணலாம். 1989ல் ஒன்றே ஒன்று. அதற்குப் பிறகு யாருமே பார்க்கவில்லை. 2004ல் அழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். வறட்சி, தவளைகளின் தோலைத் தாக்கும் ஒரு வகைப் பூஞ்சைக் காளான், மாறும் தட்பவெப்பம் என்று காரணங்களை இன்னும் அலசிக்கொண்டிருக்கிறார்கள். காரணம் கண்டுபிடித்தாலும் தேரை திரும்பி வராது.

2023ல் வெளியான உலகளாவிய ஆய்வில் 8,011 நீர்நில வாழ்வன இனங்களை அலசினார்கள். 40.7 சதவீதம் அழியும் அபாயத்தில் இருக்கின்றன. நூறு பேர் கிளாஸில் நாற்பது பேருக்கு மேல் காலி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2004க்குப் பிறகு நிலைமை மோசமான இனங்களுக்குப் பெரிய காரணம் காலநிலை மாற்றம். மலைத் தவளைக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கீழே சூடானால் மேலே ஏறலாம். உச்சிக்கு மேலே எங்கே ஏறுவது?

நம்ம மூங்கில் தவளைக்கு வேறு பிரச்னைகளும் இருக்கின்றன. 2014ல் அந்தக் கட்டுரை வந்தபோது அது சிவப்புப் பட்டியலில் மிக மிக ஆபத்தான நிலையில் இருந்தது. மேற்கு மலையில் காட்டை வெட்டித் தேயிலை வைத்தது பழைய கதை. புலிகள் காப்பகத்துக்கு நடுவிலேயே இருக்கும் மாஞ்சோலைத் தோட்டங்கள் 1929ல் 99 வருஷக் குத்தகைக்கு விடப்பட்டவை. காப்பகத்துக்கு வெளியே, கேரளப் பக்கம், ஈற்ற மூங்கிலை காகிதக் கூழுக்கும் பாய், கூடை முடையவும் வெட்டுவது வழக்கம். மூங்கிலில் ஓட்டை போட இந்தத் தவளைக்குத் தெரியாது. யாரோ போட்ட ஓட்டை, அதுவும் சரியான அளவில் இருந்தால்தான் வீடு. கண்ணுக்கு மூங்கில் காடாகத் தெரிந்தாலும், அதற்கு அத்தனையும் வீடு இல்லை. முட்டைக் காலத்தில் ஒரு கொத்தை வெட்டினால், உள்ளே எத்தனை அப்பாக்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்று வெட்டுகிறவருக்கே தெரியாது.

குழிக்குள் ஒரு பேட்டி

நாலாவது நாள் மழை விட்டது. அப்பா தறிக்குழியில் இறங்கித் தண்ணீரை மொண்டு கொடுக்க, நான் மேலே நின்று பக்கெட்டை வாங்கி வாசலில் ஊற்றினேன். அஞ்சாறு பக்கெட் வரைக்கும் ரெண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

“எனக்குத் தவளையைப் பத்தி எழுதச் சொல்லியிருக்காங்கப்பா” என்றேன்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். “அதான் வீட்லயே ஒண்ணு இருக்கே. எழுது.”

எனக்குப் பகீர் என்றது. ஆனால் அவர் உதட்டோரம் லேசான சிரிப்பு இருந்தது. அந்தத் தைரியத்தில் மடமடவென்று எல்லாவற்றையும் சொன்னேன். 136 வருஷம், மூங்கில், ஓட்டை, முட்டை, காவல், எல்லாம். அப்பா மக்கைக் கீழே வைத்துவிட்டுக் குழி ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார். நான் எதிர்பார்க்காத இடத்தில் எல்லாம் கேள்வி வந்தது.

“ஓட்டை மேல இருக்குமா, அடியில இருக்குமா? மேல இருந்தா மழைத் தண்ணி உள்ள ரொம்பிடுமே?”

ஓட்டை கணுவின் அடிப்பக்கமாக இருப்பதால்தான் தண்ணீர் தேங்காது என்று நான் கட்டுரையில் படித்துத் தெரிந்துகொண்ட விஷயம். அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்தே பிடித்துவிட்டார். குழியில் தண்ணீர் ஊறினால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

“பொம்பளைத் தவளை எங்க போகும்?” இது அம்மா, சமையல்கட்டிலிருந்து.

“முட்டை போட்டுட்டுக் கிளம்பிடும்மா.”

“கொடுத்து வெச்சது” என்றார் அம்மா. கோர்வைக்குக் கரை நாடா போட அப்பாவுக்குப் பக்கத்தில் காலத்துக்கும் உட்காருகிறவர். சொல்ல மாட்டாரா பின்னே!

“முன்னெல்லாம் தறி அச்சே நாணலைச் சீவித்தான் கட்டுவாங்க. இப்பதான் இரும்பு” என்றார் அப்பா. “வெட்டறவனை மட்டும் குத்தம் சொல்லி எழுதிடாத. அவனுக்கும் வயிறு இருக்கு. எந்த மாசம் முட்டை இருக்கும்னு அவங்கிட்டச் சொல்லிட்டா, அந்த மாசம் விட்டுட்டு வெட்டப் போறான். நாங்க மழை மாசம் தறியை நிறுத்தலயா?”

பிறகு அவராகவே ஒரு கதை சொன்னார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது, ராத்திரியில் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு ஆட்கள் ஏரிப் பக்கம், வயல் பக்கம் இறங்குவார்களாம். வெளிச்சத்தில் திகைத்து உட்காரும் தவளைகளைப் பிடித்துச் சாக்கில் கட்டிக்கொண்டு போவார்களாம். தவளைக் காலை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்த காலம் அது. 1981ல் மட்டும் இந்தியாவிலிருந்து 4000 டன்னுக்கு மேல் போயிருக்கிறது. வயலில் பூச்சியைத் தின்ன தவளை இல்லாமல் போகிறது என்ற எதிர்ப்புக்குப் பிறகு, 1987ல் அரசாங்கம் ஏற்றுமதியைத் தடை செய்தது.

“அந்தக் காலத்துல மழை ராத்திரின்னா தவளைச் சத்தத்துல தூங்க முடியாது. அப்புறம் ரெண்டு மூணு வருஷம் சத்தமே இல்ல. அந்தச் சத்தம் இல்லாததுதான் பயமா இருந்துச்சு” என்றார்.

இதுவரை அப்பா இந்தக் கதையைச் சொன்னதே இல்லை. நானும் கேட்டதே இல்லை. தவளையை அவர் ஏன் அப்படி அள்ளி அள்ளிக் கொண்டுபோய் விடுகிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உலகத்தைப் பார்த்திருக்கியா என்று நான் கேட்டேன். அவர் பார்த்த உலகத்தை நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. கூகுளில் ஆயிரம் கிலோமீட்டர் போன நான், இருபது வருஷமாக அந்தக் குழிக்குள் ஒரு தடவைகூட இறங்கி உட்கார்ந்து பார்த்தது கிடையாது. யார் கிணற்றுத் தவளை?

“அன்னிக்குச் சொன்னது... ஸாரிப்பா” என்றேன். பாதி வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிட்டது.

“பக்கெட்டை நீட்டு. தண்ணி இன்னும் இருக்கு” என்றார் அப்பா. எங்கள் வீட்டில் சமாதானம் இப்படித்தான் வரும்.

ஒரு நிமிஷம் ஃப்ரெண்ட்ஸ்...

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தவளையை நான் நேரில் பார்த்ததில்லை. அது இருக்கிற காட்டுக்குக் கும்பலாகக் கிளம்பிப் போய்ப் பார்க்கவும் வேண்டாம். நாம் போகாமல் இருப்பதே அதற்குச் செய்கிற உதவி.

ஆனால் சின்னதாகச் சில விஷயங்கள் நம் கையில் இருக்கின்றன. அடுத்த ஐ.வி.யில் மலைக்குப் போனால் பனியைத் திட்டாதீர்கள். ஓடைக்கரையில் பாட்டில், கவர் போடாதீர்கள். மழை ராத்திரியில் மலை ரோட்டில் பைக்கை முறுக்காதீர்கள். ரோட்டைக் கடக்கிற தவளைக்கு ஹாரன் புரியாது. உங்கள் காலேஜ் பின்பக்கக் குட்டையில் மழைக்கு எத்தனை விதமான சத்தம் கேட்கிறது என்று ஒரு ராத்திரி காது கொடுத்துப் பாருங்கள். போட்டோ எடுத்தால் ‘இந்தியா பயோடைவர்சிட்டி போர்டல்’ மாதிரி இடங்களில் ஏற்றுங்கள். பெயர் தெரியாவிட்டால் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அப்படி யாரோ தேடியதால்தான் 136 வருஷ ஆப்சென்ட் ஒருத்தருக்கு அட்டெண்டன்ஸ் கிடைத்தது.

எங்கள் வகுப்பில் “கொர்... கொர்...” இன்னும் நிற்கவில்லை. பரவாயில்லை. இப்போது யாராவது கத்தினால், “எந்த இனம்னு தெளிவா கத்து” என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். அரியரும் இன்னும் இருக்கிறது. அதையும் சொல்லாமல் விட்டால் அப்பா இந்தக் கட்டுரையை நம்ப மாட்டார்.

தறி மறுபடி ஓட ஆரம்பித்த ரெண்டாவது வாரம், விட்ட மழை திரும்ப வந்தது. காலையில் நான் காலேஜ் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அப்பா குரல்.

“ஏம்மா... உன் ஆளு வந்திருக்காரு. பார்த்துட்டுப் போ!”

பஸ் போனால் போகிறது என்று திரும்பி ஓடினேன். இந்தத் தடவை குழிக்குள் இறங்கி, ரெண்டு கையாலும் அள்ளிக் கொல்லையில் விட்டது நான்தான்.